அப்பா புல்லட்டுக்கு அஞ்சாவது கியர்!

புல்லட் வைத்திருப்பவரிடம் மைலேஜ் கேட்கக்கூடாது. ஆயில் ஒழுகுகிறதா என்று கேட்கக்கூடாது. "ஏன் சார், உங்க வண்டியில மட்டும் கியர் வலது பக்கம் இருக்கு?" என்று மட்டும் கேட்கவே கூடாது. கேட்டால் உங்கள் டீ ஆறிவிடும், ஆபீஸில் ரிஜிஸ்டர் உள்ளே போய்விடும். மனுஷர் இங்கிலாந்தில் ஆரம்பித்து, ராணுவம், எல்லை, பனிமலை என்று சுற்றி, திருவொற்றியூர் வந்து சேர அரை மணி நேரமாவது ஆகும்.

நான் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறேன்.

1950-களில் நம் ராணுவத்துக்காக புல்லட் வாங்கினார்கள். 1955-ல் சென்னையில் கம்பெனி பிறந்தது. பாகங்களை வரவழைத்துப் பூட்ட ஆரம்பித்தவர்கள், பிறகு எல்லாவற்றையும் திருவொற்றியூரிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடியும் போயாச்சு. பிள்ளை மட்டும் இங்கே அதே சட்டை, அதே செருப்போடு ஐம்பது வருஷம் ஓடினான். அந்தச் செருப்புதான் கியர் பாக்ஸ். பர்மிங்ஹாம் ஆல்பியன் கம்பெனியின் டிசைன். நாலு கியர், வலது காலில். மேலே தட்டினால் முதல் கியர். கீழே மிதிக்க மிதிக்க ரெண்டு, மூணு, நாலு. பிரேக் இடது காலில். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகள் பலவும் அப்படித்தான். பிறகு ஜப்பான்காரன் வந்தான். அமெரிக்காவும் 1970-களின் நடுவில் 'இடது காலில்தான் கியர்' என்று சட்டமே போட்டுவிட்டது. உலகம் இடது பக்கம் போய்விட்டது. புல்லட் மட்டும் 'நான் வரமாட்டேன் போ' என்று நின்றது.

அந்த பாக்ஸில் ஒரு விசேஷம் உண்டு. கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர். சிக்னலில் நாலாவது கியரிலேயே நின்றுவிட்டீர்களா? கிளட்சைப் பிடித்து, குட்டி லீவரை ஒரு மிதி. நேரே நியூட்ரல்! முதல் கியரைத் தவிர எந்த கியரிலிருந்தும் வரும். இன்றைக்கு லட்ச லட்சமாகக் கொடுத்து வாங்கும் வண்டியில்கூட இந்த சௌகரியம் கிடையாது.

அப்படியானால் அதை ஏன் கழற்றி எறிந்துவிட்டு ஐந்து கியர் பாக்ஸ் மாட்டுகிறார்கள் என்பதுதானே உங்கள் கேள்வி?

முதல் காரணம், கியருக்கும் கியருக்கும் நடுவில் ஒரு கள்ள நியூட்ரல். மூன்றிலிருந்து நாலுக்குப் போகிறோம் என்று மிதிப்பீர்கள். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் என்ஜின் மட்டும் 'ஓ'வென்று அலறும், வண்டி நகராது. எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இதை அழகாகச் சொல்வார்: "கியர் விழுது சார்... ஆனா நடுவுல விழுது."

இரண்டாவது காரணம்தான் பெரிசு. அதைச் சொல்ல ஒரு நண்பரைக் கூப்பிட வேண்டும்.

* * *

நண்பர் பேங்க்கில் வேலை. திங்கள் முதல் சனி வரை ஆபீஸ் போவது சாதாரண நூறு சி.சி. வண்டியில், கியர் இடது காலில், பிரேக் வலது காலில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவின் புல்லட். அப்பா 1984-ல் புத்தம் புதிதாக எடுத்தது. பி.எஃப். லோன் போட்டு வாங்கிய வண்டி. அதில்தான் நண்பரையே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்களாம். (கைக்குழந்தையைப் புல்லட்டிலா என்று கேட்காதீர்கள். அந்தக் காலம்.)

ஆறு நாள் ஒரு கால், ஏழாம் நாள் இன்னொரு கால். மூளை எத்தனை நாள்தான் தாங்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு ரோடு. பின்னால் மனைவி. முன்னால் போன லாரி சடாரென்று நின்றது. நண்பரின் வலது கால் ஓங்கி பிரேக்கை மிதித்தது. அதாவது, பிரேக் என்று நினைத்து மிதித்தது. வண்டி மூன்றாவது கியரில் இருந்தது. மிதித்த மிதியில் நாலாவது விழுந்தது. வேகம் குறையவேண்டிய நேரத்தில் வண்டி முன்னே போகிறது! கை பிரேக்கைப் பிடித்து, ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி, லாரிக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளியில் நின்றார்கள்.

மனைவி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்றார் நண்பர்.

மறுவாரம் மெக்கானிக்கிடம் போனார். "அண்ணே, அஞ்சு கியர் பாக்ஸ் போட்டுக் குடுங்க. இடது கால் கியர்."

மெக்கானிக் உடனே ஸ்பானரை எடுக்கவில்லை. "நடுவுல நியூட்ரல் விழுதுன்னு மாத்துறீங்களா, கால் மாறுதுன்னு மாத்துறீங்களா?" என்று கேட்டார். கோல்டு மெடல் வாங்கவேண்டிய கேள்வி சார் இது! ஏனென்றால், முதல் வியாதிக்கு ஆபரேஷனே தேவையில்லை. பாக்ஸின் வெளி மூடியைத் திறந்தால் கியரைத் தள்ளும் ராச்செட்டுக்கு ஒரு தகடு இருக்கிறது. அதன் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, தகட்டை இம்மி இம்மியாக நகர்த்தினால், மேலே போவதும் கீழே வருவதும் சரிசமமாக விழும் இடம் ஒன்று கிடைக்கும். அங்கே முடுக்கிவிட்டால் கள்ள நியூட்ரலில் பெரும்பகுதி ஓடிவிடும். செலவு, மெக்கானிக்கின் பொறுமை. இதைச் செய்து பார்க்காமலே 'ஆல்பியன் மோசம்' என்று பாக்ஸை மாற்றியவர்கள் ஏகப்பட்ட பேர்.

"கால்தாண்ணே" என்றார் நண்பர். லாரிக் கதையைச் சொன்னார்.

"அப்போ மாத்துங்க" என்றார் மெக்கானிக்.

* * *

இப்போது கொஞ்சம் கணக்கு. நான் காமர்ஸ் படித்தவன், கணக்கு பார்க்காமல் எழுதினால் தூக்கம் வராது.

ஐந்து கியர் என்றதும் எல்லோரும் நினைப்பது: 'நாலு கியரில் எண்பது போகிறது, ஐந்தாவது கியர் வந்தால் நூறு போகும்.' போகாது! பழைய பாக்ஸின் நாலாவது கியரும் ஒன்றுக்கு ஒன்று. புதிய பாக்ஸின் ஐந்தாவது கியரும் ஒன்றுக்கு ஒன்றேதான். உச்சாணிக் கிளை அதே உயரத்தில்தான் இருக்கிறது. ஏணியில் ஒரு படி கூடுதலாக அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

படி கூடுவதில் என்ன லாபம்? பழைய பாக்ஸில் மூன்றாவது கியரின் விகிதம் 1.36. மூன்றாவதில் என்ஜின் 3,000 சுற்று சுற்றும்போது நாலுக்கு மாற்றினால், சுற்று சுமார் 2,200-க்கு விழும். மேடாக இருந்தாலோ, பின்னால் மனைவியும் இரண்டு பெட்டியும் இருந்தாலோ, அந்த 2,200-ல் என்ஜின் 'தட்... தட்...' என்று இருமும். மறுபடி மூன்றுக்கு வா. மூன்றில் அலறல், நாலில் இருமல். மலைப்பாதையில் புல்லட் ஓட்டியவர்களுக்கு இந்த இரண்டுங்கெட்டான் நிலைமை தெரியும். புதிய பாக்ஸில் நாலாவதின் விகிதம் 1.21. அதே 3,000-ல் ஐந்துக்கு மாற்றினால் சுற்று சுமார் 2,500-ல் நிற்கும். என்ஜின் இருமாது. முதல் கியரும் பழையதைவிடத் தாழ்வு, அங்கே 2.78, இங்கே 3.06. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று, மறுபடி கிளப்பும்போது அந்த வித்தியாசம் கிளட்ச் பிடிக்கும் கைக்குத் தெரியும்.

நெடுஞ்சாலையில் என்ஜின் நிதானமாக ஓடவேண்டும் என்றால் மாற்றவேண்டியது பாக்ஸை அல்ல, முன்பக்கத்துச் சின்ன ஸ்பிராக்கெட்டை. பின்னால் உள்ள 38 பல் பெரியது பிரேக் டிரம்மோடு ஒட்டிப் பிறந்தது, அதைத் தொட முடியாது. சின்னதில் ஒரு பல் கூட்டினால் அதே வேகத்துக்கு என்ஜின் சுற்று குறையும். ஆனால் அது கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதை மாற்ற பிரைமரியைத் திறந்து கிளட்சையும் கழற்றவேண்டும். பாக்ஸ் மாற்றும்போது எப்படியும் அதெல்லாம் கழன்று கீழேதான் கிடக்கும். ஸ்பிராக்கெட்டை அப்போதே முடிவு செய்துகொண்டால் ஒரு கூலி மிச்சம். மலை அதிகம் போகிறவர்கள் பல்லைக் கூட்டவேண்டாம். கூட்டினால் புதிய பாக்ஸ் கொடுத்த சௌகரியத்தைக் கையோடு திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

* * *

சரி, இந்த ஐந்து கியர் பாக்ஸ் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் கிரைட்டீரியன் என்ற கம்பெனியின் உதவியோடு உருவானது. 2002-ல் வந்த தண்டர்பேர்டில் ஐந்து கியர் வந்தது. 2005-ல் எலெக்ட்ரா 5எஸ், பெயரிலேயே ஐந்து! கியர் இடது காலுக்கு மாறியது. பழைய வார்ப்பிரும்பு என்ஜின், அதன் பின்னால் புதிய பாக்ஸ். நம் ஆட்களுக்கு அப்போதுதான் பொறி தட்டியது: 'அதே என்ஜினுக்குக் கம்பெனியே மாட்டியிருக்கிறான் என்றால், நம் வண்டிக்கும் ஏன் மாட்டக்கூடாது?'

மாட்டலாம். காரணம், பழைய புல்லட்டில் என்ஜின் தனி, கியர் பாக்ஸ் தனி. கூட்டுக்குடும்பம்தான், ஆனால் தனிச் சமையல். என்ஜினின் முதுகில் பாக்ஸை ஸ்டட் போட்டு இறுக்கியிருப்பார்கள். 2009-ல் கிளாசிக்கோடு வந்த புதிய என்ஜினில் இரண்டும் ஒரே கூட்டுக்குள் போய்விட்டன. எனவே "கிளாசிக்கோட பாக்ஸ் சீப்பா வருது, என் 84 மாடலுக்குப் போடலாமா?" என்று யாராவது கேட்டால், முடியாது. உங்களுக்கு வேண்டியது எலெக்ட்ரா 5எஸ் ரகத்துத் தனி பாக்ஸ்.

பாக்ஸை மட்டும் வாங்கிவந்தால் வேலை முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் கல்யாணச் செலவு என்றால் தாலி மட்டும்தான் என்று நினைப்பவர்கள். கியர் லீவரின் தண்டு இடது பக்கம் வெளியே வரவேண்டும். அங்கேதான் பிரைமரி செயினும் கிளட்சும் குடியிருக்கின்றன. ஆகவே பழைய பிரைமரி கேஸ் உதவாது, புதிய பாக்ஸுக்கு உரியது வேண்டும். கிளட்ச் அந்த பாக்ஸின் தண்டுக்குப் பொருந்தவேண்டும். புஷ் ராடு, கிளட்ச் கேபிள் எல்லாம் கூடவே வரும்.

அப்புறம் பிரேக். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிரேக் பெடல் வலது காலுக்குப் போயாகவேண்டும். ஆனால் பின்சக்கர டிரம்மின் பிரேக் இயங்குவது இடது பக்கத்தில். வலது காலின் மிதியை வண்டியைக் குறுக்கே கடந்து இடது பக்கம் கொண்டுபோக ஓர் ஏற்பாடு வேண்டும். வலது பக்கம் சைலன்ஸர் பைப் வேறு சூடாக உட்கார்ந்திருக்கிறது. பெடல் அதில் இடிக்கக்கூடாது. இதற்கும் கம்பெனி சாமான்தான் வாங்கவேண்டும். லேத்தில் கொடுத்து, கம்பியை வளைத்து, வெல்டிங் வைத்து, "ஸ்ட்ராங்கா இருக்கு சார், யானை மிதிச்சாலும் தாங்கும்" என்பார்கள். யானை மிதிக்கப் போவதில்லை சார், நீங்கள்தான் மிதிக்கப் போகிறீர்கள், முன்னால் லாரி நிற்கும்போது. காசை எங்கே வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், பிரேக்கில் வேண்டாம்.

எந்த மார்க்கெட்டில் வாங்கினாலும் பில் கேளுங்கள். பழைய பாக்ஸாக வாங்கினால் மூடியைத் திறந்து பல்லைப் பாருங்கள். மூலை உடைந்திருக்கிறதா, பேரிங் ஆடுகிறதா என்று பாருங்கள். மாடு வாங்கும்போது பல்லைப் பார்ப்பது நம் தாத்தா காலத்திலிருந்து வழக்கம்தானே? மாட்டிய பிறகு ஆல்பியனுக்குப் போட்ட மாதிரி கெட்டி கிரீஸை இதில் அப்பாதீர்கள். இதற்கு கியர் ஆயில். முதல் சில நூறு கிலோமீட்டரில் அதை வடித்துப் பார்த்தால், இரும்புத்தூள் எவ்வளவு வருகிறது என்பதிலிருந்தே பாக்ஸின் ஜாதகம் தெரிந்துவிடும்.

* * *

நண்பர் எல்லா சாமானும் சேர்த்தாகிவிட்டது. பட்டியலை வைத்து டெபிட், கிரெடிட் போட்டுப் பார்த்தேன். பாக்ஸின் விலையை, அதைச் சுற்றி வாங்கிய சாமான்கள் ஜெயித்துவிட்டன.

டெபிட் பக்கத்தில் எழுதாத ஐட்டம் ஒன்று இருந்தது. அப்பா.

அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தினம் காலை ஐந்தரைக்கு அதே புல்லட்டில் பால் வாங்கப் போகிறவர். பால் பூத் நடந்துபோகிற தூரம்தான். ஆனாலும் வண்டியில்தான் போவார். நாற்பது வருஷமாக அவர் வலது கால் கியர் போட்டிருக்கிறது, இடது கால் பிரேக் மிதித்திருக்கிறது. பாக்ஸை மாற்றினால் பிள்ளையின் கால் பிழைக்கும்; அப்பாவின் கால் குழம்பும். பிள்ளைக்கு லாரி எந்த ஆபத்தோ, அப்பாவுக்கு அதே ஆபத்து.

நண்பர் ஒரு வாரம் வீட்டில் வாயே திறக்கவில்லை. சாமான்களைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். ஒருநாள் அப்பாவே கேட்டுவிட்டார்: "கட்டிலுக்கு அடியில என்னடா, பெட்டி பெட்டியா?"

சொன்னார். லாரிக் கதையையும் சேர்த்து. அதுவரை அப்பாவுக்கு அது தெரியாது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "மருமகளும் இருந்தாளா வண்டியில?" என்றாராம்.

"இருந்தாப்பா."

"அப்புறம் என்னடா என்கிட்ட கேட்டுக்கிட்டு? நாளைக்கே கொண்டுபோய்க் குடு."

இரண்டு நாளில் வண்டி வந்தது. அப்பா விடவில்லை. காலையில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வரை போனார். எதிரே நாய் ஒன்று வந்திருக்கிறது. பழக்கதோஷத்தில் இடது காலை மிதித்திருக்கிறார். நாய் புத்திசாலி, ஒதுங்கிக்கொண்டது. அப்பா என்ஜினை நிறுத்தி, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்து ஸ்டாண்ட் போட்டார். சாவியை டி.வி. மேல் வைத்தார். அதற்கப்புறம் அவர் அதை எடுக்கவில்லை. பாலுக்கு நடந்து போகிறார்.

நண்பர் இதைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இருந்தது. "பாக்ஸைத் திருப்பி மாத்திடலாமான்னு இருக்கு" என்றார். நான் வேண்டாம் என்றேன். இரண்டு கால் பழக்கத்துக்கு ஒரு வண்டி ஈடுகொடுக்க முடியாது. யாராவது ஒருவர் இறங்கத்தான் வேண்டும். எழுபது வயதுக்காரர் தானாக, ஒரு நாயைப் பார்த்து, தெருமுனையிலேயே முடிவெடுத்தாரே, அந்த விவேகம் பாதிப் பேருக்கு முப்பது வயதில் கிடையாது.

போன டிசம்பரில் அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து வால்பாறை போனார்கள். நாற்பது கொண்டை ஊசி. அப்பா ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து கியர் சொல்லிக்கொண்டே வந்தாராம். "ரெண்டுக்கு வா... ரெண்டுக்கு வாடா... இப்ப மூணு." மேலே போய்ச் சேர்ந்ததும் கேட்டாராம்: "அஞ்சாவது கியர் போடவே இல்லையேடா? எவ்வளவு குடுத்தே அதுக்கு?"

* * *

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும், கேரளாவிலிருந்து வந்த வழக்கில், இதைக் கறாராகச் சொல்லியிருக்கிறது. ஆர்.சி.யில் என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இருக்கும். கியர் பாக்ஸுக்கு அங்கே தனி நம்பர் கிடையாது. அதற்காக 'யார் கேட்கப் போகிறார்கள்' என்று இருக்கவேண்டாம். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. முன்னால் நின்று புதுப்பிக்கவேண்டியிருக்கிறது. வேலை ஆரம்பிக்கும் முன்பே அங்கே ஒரு நடை போய்க் கேட்டுவிடுவதும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி நகல் வைத்துக்கொள்வதும் நல்லது. பில்லையெல்லாம் அதே ஃபைலில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. கழற்றிய ஆல்பியன் பாக்ஸைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வார்ப்பிரும்பு புல்லட் இனி புதிதாக வரப்போவதில்லை. ஒரிஜினலாக வண்டி வேண்டும் என்று தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கே ஒருநாள் தேவைப்படலாம். ஆயிலை வடித்து, கிரீஸ் தடவி, ஓட்டைகளில் துணி அடைத்து, பழைய பிரைமரி கேஸ், லீவர், பிரேக் பெடல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஈரம் படாத இடத்தில் வையுங்கள். நண்பர் வீட்டில் அது அதே கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, சாக்குப் பையில். மேலே ஒரு அட்டை. '1984 வண்டியின் பாக்ஸ். விற்கக்கூடாது' என்று அப்பாவின் கையெழுத்து.

வண்டி டேங்க்கின் மேல் இன்னொரு அட்டை ஒட்டியிருக்கிறது. சர்வீஸுக்கு விட்டால் பழைய மாடலைப் பார்த்ததும் பையன்கள் வலது காலைத் தூக்கிவிடுகிறார்களாம். அதற்காக. 'கியர் இடது, பிரேக் வலது.' அதுவும் அப்பா எழுதியதுதான்.